தாம்பரம் முதல் கிண்டி வரை: வரைபடம் தரும் வேகத்தை நிமிடமாக்கிப் பார்த்தது

எங்கள் குடியிருப்பில் கிண்டி தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் சேர்ந்து ஒரு வேன் அமர்த்தியிருக்கிறார்கள். மேற்குத் தாம்பரத்தில் ஏறி, ஜி.எஸ்.டி. சாலையை (கிராண்ட் சதர்ன் டிரங்க் சாலை) பிடித்து, கத்திப்பாரா சந்திப்பு தாண்டி இறங்க வேண்டும். ஏறத்தாழ 15 கிலோமீட்டர். இதில் நேரம் எங்கே போகிறது என்பதில் வேனுக்குள் ஆளுக்கொரு கருத்து. ஓட்டுநர் அண்ணன் குரோம்பேட்டை என்பார். பின்னால் உட்காருபவர்கள் பல்லாவரம் என்பார்கள். கிளம்பும் நேரத்தை முன்னால் தள்ளலாமா என்ற பேச்சு வந்தபோது, தரவை வைத்தே பார்த்துவிடலாம் என்று நான் பொறுப்பெடுத்துக்கொண்டேன்.

வரைபடச் சேவைகள் தரும் வேக எண்களைப் பெறுவது எளிது. அவற்றுக்கு என்ன பொருள் என்று பிடிபடத்தான் நாளாகும். இதே வேலையில் இறங்குகிறவர்களுக்குப் பயன்படட்டும் என்று, செய்ததை எழுதிவைக்கிறேன்.

முதலில், எந்தச் சேவை என்ற கேள்வி. கூகுளின் ரூட்ஸ் ஏபிஐ (ஏபிஐ என்றால் நம் நிரல் ஒரு சேவையிடம் தரவு கேட்டு வாங்கும் வழி), நெரிசலோடு எவ்வளவு நேரம், நெரிசல் இல்லாமல் எவ்வளவு நேரம் என்று இரண்டையும் சொல்லும். வழியைத் துண்டுகளாகப் பிரித்து, ஒவ்வொன்றும் இயல்பா, மெதுவா, நெரிசலா என்ற மூன்றில் ஒரு முத்திரையும் குத்தும். ஆனால் மணிக்கு இத்தனை கிலோமீட்டர் என்ற எண் அதில் கிடையாது. டாம்டாம் என்ற இன்னொரு வரைபட நிறுவனத்திடம் ஒரு புள்ளியைக் கொடுத்தால், அருகில் இருக்கும் சாலைத் துண்டின் இப்போதைய வேகம், தடையில்லாத வேகம், இரண்டுக்கும் உரிய பயண நேரம் எல்லாம் வரும். ஒரு சந்திப்பை மட்டும் கவனிக்க அது கச்சிதம். எனக்கு வேண்டியது 15 கிலோமீட்டரும் ஒரே பதிலில். அதனால் ஹியர் என்ற வரைபட நிறுவனத்தின் டிராஃபிக் ஏபிஐ ஏழாம் பதிப்பை எடுத்துக்கொண்டேன். கணக்குத் திறந்து சாவி (கேட்பது யார் என்று சேவைக்குச் சொல்லும் குறியீடு) வாங்குமுன் அவர்களுடைய விதிமுறைகளில் ஒன்றை மட்டுமாவது படித்துவிடுங்கள்: பெற்ற தரவை எவ்வளவு காலம் சேமித்து வைக்கலாம் என்பது. இந்த மாதிரி வேலைக்கு அதுதான் முதல் கேள்வி.

கேட்கும் முறையில் ஒரு கண்ணி இருக்கிறது. வட்டம் போட்டுக் கேட்டால் அட்சரேகை முதலில், தீர்க்கரேகை பிறகு. செவ்வகம் போட்டுக் கேட்டால் மேற்கு, தெற்கு, கிழக்கு, வடக்கு என்ற வரிசை. அதாவது தீர்க்கரேகை முதலில். பல்லாவரம் பகுதி அட்சரேகை 12.95க்கும் தீர்க்கரேகை 80.15க்கும் அருகில் இருக்கிறது. இதைத் திருப்பிப் போட்டால் ஆர்க்டிக் கடலில் ஸ்பிட்ஸ்பெர்கன் தீவுக்கு வடக்கே போய் நிற்கும். அங்கே சாலை ஏது? வெற்றுப் பதில்தான் வரும். சென்னைக்காரர்களுக்கு இது ஒருவகையில் வசதி, தவறு உடனே தெரிந்துவிடும்.

பதில் வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது அலகு. ஏழாம் பதிப்பில் வேகம் எல்லாம் நொடிக்கு மீட்டரில் இருக்கும். 6.94 என்று பார்த்ததும் ஆள் நடக்கும் வேகம் போலத் தோன்றும். 3.6ஆல் பெருக்கினால் அது மணிக்கு 25 கிலோமீட்டர், காலை எட்டரை மணிக்கு ஜி.எஸ்.டி. சாலையில் மோசமில்லாத வேகம். நீளம் மீட்டரில் வருவதால், நேரக் கணக்குக்கு எதையும் மாற்றவே தேவையில்லை. நீளத்தை வேகத்தால் வகுத்தால் நேரே நொடி வந்துவிடும். மனிதர்களுக்குக் காட்டும்போது மட்டும் மணிக்குக் கிலோமீட்டராக மாற்றிக்கொண்டேன். நேரக் குறிப்பு உலகப் பொது நேரத்தில் இருக்கும், ஐந்தரை மணி நேரம் கூட்ட வேண்டும். இங்கே காலை எட்டரை என்பது அங்கே அதிகாலை மூன்று. அதனால் நம் ஊர் அதிகாலை ஐந்தரைக்கு முந்தைய பதிவுகள் (ஒவ்வொரு முறையும் கேட்டுச் சேமித்த பதில்கள்) எல்லாம் முந்தைய நாள் தேதியில் கிடக்கும். திங்கள், செவ்வாய் என்று பிரிப்பதற்கு முன்னால் இதைச் சரிசெய்துவிட வேண்டும், இல்லையென்றால் ஞாயிறும் திங்களும் கலந்துவிடும்.

ஒவ்வொரு துண்டுக்கும் மூன்று வேகங்கள் வருகின்றன. ‘ஸ்பீடு’ என்பது இப்போது எதிர்பார்க்கும் வேகம், ஆனால் சட்டப்படியான வேக வரம்பைத் தாண்டாமல் வெட்டப்பட்டது. ‘ஸ்பீடு அன்கேப்டு’ என்பது அப்படி வெட்டாத வேகம். ‘ஃப்ரீ ஃப்ளோ’ என்பது போக்குவரத்தே இல்லாதபோது அந்தத் துண்டில் வண்டிகள் போகும் வேகம், ஒப்பிடுவதற்கான அளவுகோல். இந்த மூன்றாவதை வேக வரம்பு என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. பலகையில் போட்டிருப்பது ஒன்று, ராத்திரி இரண்டு மணிக்கு வண்டிகள் உண்மையில் ஓடுவது வேறொன்று.

நெரிசல் நேரத்தில் முதல் இரண்டும் ஒன்றாகவே இருக்கும், விடியற்காலையில்தான் பிரியும். எங்கள் வேன் வரம்புக்குள் ஓடுவதால் பயண நேரத்துக்கு வெட்டிய வேகத்தையே வைத்துக்கொண்டேன். வெட்டாத வேகத்தை வைத்துத் தாமதம் கணக்கிடுகிறவர்களுக்கு, சாலை காலியாக இருக்கும்போது தாமதம் பூஜ்யத்துக்குக் கீழே போகும். அதைப் பூஜ்யமாகவே எடுத்துக்கொள்ளலாம். அதில் ஆராய எதுவும் இல்லை.

‘ஜாம் ஃபேக்டர்’ என்று ஓர் எண், 0 முதல் 10 வரை. 10 என்றால் சாலை மூடல். வரைபடத்தில் பச்சை, மஞ்சள், சிவப்பு பூச இது நல்ல எண். கூட்டவோ சராசரி எடுக்கவோ ஏற்றதில்லை. ஒரு துண்டில் 8, அடுத்ததில் 2 என்றால் இரண்டும் சேர்ந்து 5 என்று சொல்வதற்குப் பொருளே இல்லை, நீளம் அதில் எங்கும் வரவில்லை. நான் அதைச் சேமித்தேன், கணக்கில் எடுக்கவில்லை. மூடிய துண்டா என்று பார்க்கத் தனியாக ஒரு புலம் (பதிலில் ஒரு விவரத்துக்கான இடம்) உண்டு. வகுப்பதற்கு முன்னால் அதைப் பார்த்துவிட்டால், வேகம் இல்லாத இடத்தில் நிரல் தடுக்கி விழாது.

இனி, எல்லாவற்றிலும் முக்கியமானதாக நான் நினைக்கும் புலம்: ‘கான்ஃபிடன்ஸ்’. 0 முதல் 1 வரையிலான இந்த எண், கொடுத்த வேகம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்கிறது. 0.7க்கு மேல் இருந்தால் இப்போது சாலையில் இருக்கும் வண்டிகளிடமிருந்து வந்த நிகழ்நேரத் தரவு. 0.5க்கும் 0.7க்கும் இடையில் என்றால் பழைய நாட்களின் பதிவிலிருந்து எடுத்தது. 0.5 அல்லது அதற்குக் கீழே என்றால் வேக வரம்பையே எடுத்து வைத்தது. மூன்றும் ஒரே புலத்தில், ஒரே வடிவத்தில் வந்து நிற்கும். வேகத்தை மட்டும் பார்த்தால் வித்தியாசம் தெரியவே தெரியாது.

இதை விட்டுவிட்டால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். பொங்கலன்று காலை ஊரே காலி. நிகழ்நேர வண்டிகள் போதாத துண்டில் பழைய நாட்களின் வேகம் வந்து உட்காரும். இல்லாத நெரிசலைப் பார்த்துவிட்டு, பண்டிகை நாளிலும் இந்த இடம் நகரவில்லையே என்று எழுதிவிடுவோம். இன்னொரு ஆபத்து அதைவிட நுட்பமானது. பழைய பதிவிலிருந்து வரும் எண்கள் நாளுக்கு நாள் ஒன்றுபோலவே இருப்பதால், வரைபடக் கோடு மிக ஒழுங்காக, வழவழப்பாக இருக்கும். பார்ப்பவருக்கு அது நல்ல தரவு போலத் தோன்றும். அளந்த வேகம் அப்படி இருக்காது. சிக்னலும் மழையும் பழுதாகி நின்ற லாரியும் அதில் மேடு பள்ளமாகத் தெரியும்.

அதனால் ஒவ்வொரு பதிவுக்கும் ஒரு சின்னக் கணக்கு சேர்த்தேன்: மொத்த நீளத்தில் 0.7க்கு மேல் உள்ள துண்டுகளின் நீளம் எத்தனை சதவீதம் என்று. 90க்குக் கீழே போன பதிவுகளைக் கணக்கிலிருந்து ஒதுக்கிவிட்டேன். துண்டுகளின் எண்ணிக்கையை வைத்து இந்தச் சதவீதத்தை எடுக்கக் கூடாது, நீளத்தை வைத்துத்தான் எடுக்க வேண்டும். ஐம்பது மீட்டர்த் துண்டும் இரண்டு கிலோமீட்டர்த் துண்டும் ஒன்றல்ல.

திசை பிரிப்பது சுலபமாக முடிந்தது. செவ்வகத்துக்குள் வரும் எல்லாச் சாலையும் இரண்டு திசையிலும் வரும். துண்டின் முதல் புள்ளியையும் கடைசிப் புள்ளியையும் எடுத்து, அட்சரேகை கூடினால் கிண்டிப் பக்கம், குறைந்தால் தாம்பரப் பக்கம் என்று பிரித்தேன். இந்தச் சாலை தென்மேற்கிலிருந்து வடகிழக்காக ஓடுவதால் இது செல்லும். வளைந்து திரும்பும் சாலைக்கு இது போதாது. துண்டுக்குள் உட்துண்டுகள் கொடுக்கப்பட்டிருந்தால் அவற்றையே எடுத்துக்கொள்ளுங்கள். நெரிசல் துண்டின் எந்தப் பாதியில் இருக்கிறது என்பது அங்கேதான் தெரியும்.

இப்போது கணக்கின் நடு இடம். வேகங்களைச் சராசரி எடுக்கவே கூடாது. ஒரு கிலோமீட்டர் 60 வேகத்திலும் அடுத்த கிலோமீட்டர் 10 வேகத்திலும் போனால், சராசரி 35 என்று மனம் சொல்லும். 35இல் இரண்டு கிலோமீட்டருக்கு மூன்றரை நிமிடம்கூட ஆகாது. உண்மையில் முதல் கிலோமீட்டருக்கு ஒரு நிமிடம், இரண்டாவதுக்கு ஆறு நிமிடம், மொத்தம் ஏழு. அப்படியானால் உண்மையான சராசரி வேகம் மணிக்கு 17 கிலோமீட்டர்தான், சொன்னதில் பாதி. மெதுவான துண்டில் நாம் அதிக நேரம் இருக்கிறோம் என்பதைச் சாதாரணச் சராசரி மறந்துவிடுகிறது. ஜான் கிளென் வார்ட்ராப் என்ற ஆங்கிலேயப் போக்குவரத்து ஆய்வாளர் 1952இலேயே இரண்டு சராசரிகளையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். சாலையோரம் ஓரிடத்தில் நின்று கடக்கும் வண்டிகளின் வேகத்தை எடுக்கும் சராசரி, சாலை நெடுகிலும் எடுக்கும் சராசரியைவிடக் குறைவாக ஒருபோதும் வராது. வண்டிகளின் வேகம் எவ்வளவுக்குச் சிதறியிருக்கிறதோ அவ்வளவுக்கு இடைவெளி கூடும். பைக்கும் பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் சேர்ந்து ஓடும் சாலையில் அந்த இடைவெளியைச் சும்மா விட்டுவிட முடியாது.

ஆகவே நொடிகளைக் கூட்டினேன், அவ்வளவுதான். துண்டின் நீளத்தை இப்போதைய வேகத்தால் வகுத்து ஒரு நேரம். அதே நீளத்தைத் தடையில்லாத வேகத்தால் வகுத்து இன்னொரு நேரம். இரண்டின் வித்தியாசம் அந்தத் துண்டில் இழந்த நேரம். இப்படி இழந்த நொடிகளை வரிசைப்படுத்தியதும், வேன் சண்டையின் மீது புது வெளிச்சம் விழுந்தது.

எண்ணோடு சொல்கிறேன், இவை விளக்கத்துக்காக எடுத்துக்கொண்ட எண்கள். சிக்னலுக்கு முன்னால் 150 மீட்டர், வரைபடத்தில் அடர்சிவப்பு. தடையில்லாமல் 40 வேகம், இப்போது 8. தடையில்லாவிட்டால் 13.5 நொடி, இப்போது 67.5 நொடி, இழப்பு 54 நொடி. அதற்கு முன்னால் இரண்டு கிலோமீட்டர் நீளத்துக்கு ஒரு துண்டு. தடையில்லாமல் 45, இப்போது 28. யாரும் குறை சொல்லாத வேகம், வண்டி நகர்ந்துகொண்டே இருக்கிறது. ஆனால் 160 நொடியில் கடக்க வேண்டியது 257 நொடி ஆகிறது, இழப்பு 97 நொடி. சிவப்பைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு.

எங்கள் தரவிலும் இதே சங்கதிதான். குரோம்பேட்டை, பல்லாவரம் என்று பெயர் சொல்லிக் குற்றம் சாட்டப்பட்ட இடங்களில் சிவப்பு இருந்தது உண்மை. ஆனால் மொத்தம் இழந்த நேரத்தில் பெரும்பகுதி, யாரும் பெயர் சொல்லாத நீண்ட துண்டுகளில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்திருந்தது. வண்டி நின்ற இடம் நினைவில் தங்குகிறது, மெதுவாக ஓடிய இடம் தங்குவதில்லை. அந்தப் பட்டியலை வேனில் காட்டியபோது இரண்டு தரப்பும் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இன்னொரு நுணுக்கம். ஏழரை மணிப் பதிவில் உள்ள எல்லாத் துண்டுகளின் நொடிகளையும் கூட்டினால் கிடைப்பது, எந்த வண்டியும் பயணிக்காத ஒரு பயணம். வேன் ஏழரைக்குத் தாம்பரத்தில் இருக்கும், பல்லாவரம் போகும்போது மணி ஏறியிருக்கும், அங்கே அப்போதைய நெரிசலைத்தான் சந்திக்கும். அதனால் ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பதிவு எடுத்து, வேனைத் துண்டு துண்டாக நகர்த்தினேன். முதல் துண்டின் நொடியைக் கடிகாரத்தில் கூட்டு, அடுத்த துண்டுக்கு அந்த நேரத்துக்கு நெருக்கமான பதிவை எடு, திரும்பக் கூட்டு. நெரிசல் ஏறிக்கொண்டிருக்கும் நேரத்தில் ஒரே பதிவை வைத்த கணக்கு குறைத்துச் சொல்லும். வடியும் நேரத்தில் கூட்டிச் சொல்லும். காலை வேனுக்கு முதல் வகைதான் பொருந்தும், அலுவலகத்துக்குத் தாமதமாகச் சேரவைப்பதும் அதுதான்.

தரவு சேரும் விதத்தையும் கொஞ்சம் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். போன்களும் வண்டிகளில் உள்ள கருவிகளும் அனுப்பும் இருப்பிடப் புள்ளிகளைச் சாலையோடு பொருத்தித்தான் வேகம் கணக்கிடுகிறார்கள். ஜி.எஸ்.டி. சாலை இந்தப் பொருத்தலுக்குக் கடினமான சாலை. பல்லாவரத்தில் மேலே மேம்பாலம், கீழே சாலை. செயற்கைக்கோள் தரும் இருப்பிடம் பக்கவாட்டில் சில மீட்டர் பிசகும், உயரத்தில் இன்னும் பிசகும். மேலே பறப்பதும் கீழே நிற்பதும் ஒரே கோட்டில் விழுந்தால் பிரிப்பது எளிதல்ல. பக்கத்திலேயே தாம்பரம் – கடற்கரை மின்சார ரயில் பாதை. சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம், மீனம்பாக்கம் என்று சாலையோடு ஒட்டியே வருகிறது, பெட்டி நிறைய போன்களோடு. அவற்றைச் சாலைக் கணக்கில் சேராமல் வடிகட்ட வேண்டியிருக்கிறது. மேம்பாலத் துண்டையும் கீழ்ச்சாலைத் துண்டையும் நான் தனித்தனியாக வாசிக்கவில்லை. இரண்டையும் சேர்த்து, குறைந்தது இவ்வளவு, கூடினால் இவ்வளவு என்று ஓர் இடைவெளியாகவே வைத்துக்கொண்டேன்.

போன்கள்தான் ஆதாரம் என்பதை 2020 பிப்ரவரியில் பெர்லின் கலைஞர் சைமன் வெக்கர்ட் கண்முன்னே காட்டினார். 99 பழைய ஸ்மார்ட்போன்களை ஒரு கைவண்டியில் போட்டு, காலியான தெருவில் இழுத்துக்கொண்டு நடந்தார். கூகுள் வரைபடத்தில் அந்தத் தெரு சிவப்பானது. அப்போது கூகுள் கொடுத்த பதிலில் நமக்கு வேண்டிய ஒரு செய்தி இருந்தது: இந்தியா, இந்தோனேசியா, எகிப்து உள்ளிட்ட நாடுகளில் காரையும் மோட்டார் சைக்கிளையும் பிரித்தறியும் வசதி தொடங்கியிருப்பதாகச் சொன்னார்கள். அந்தப் பிரிப்பு நம் சாலையில் எவ்வளவு தேவை என்பதை சிக்னலில் நின்றாலே பார்க்கலாம். பைக்குகள் இடைவெளியில் புகுந்து முன்வரிசைக்குப் போய்விடும், வேன் பின்னாலேயே நிற்கும். ஒரே துண்டு, ஒரே நிமிடம், இரண்டு வேகம்.

அதனால் சொந்த அளவீடு இல்லாமல் எதையும் முடிவாகச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓட்டுநர் அண்ணனிடம் கேட்டு, வேனின் முன்பக்கம் ஒரு பழைய போனை வைத்து, இருப்பிடப் பதிவுச் செயலியை ஓடவிட்டேன். “வைங்க சார். ஆனா பஸ் ஸ்டாப் பக்கம் லெஃப்ட் லேன் மட்டும் நின்னுடும், அத உங்க மேப் சொல்லாதே” என்றார். சரியான கேள்வி. எனக்கு வந்த எண் அந்தத் திசையின் சாலை முழுவதுக்குமானது, தடம் தடமாகப் பிரித்ததல்ல. இடது ஓரத்தில் ஆள் ஏற்ற வேண்டிய வேனுக்கு அந்தச் சராசரி கொஞ்சம் தாராளமானது.

வேனின் பதிவையும் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, நீண்ட துண்டுகளில் இரண்டும் நன்றாகவே ஒத்துப்போயின. சிக்னலை ஒட்டிய குட்டித் துண்டுகளில் முன்னும் பின்னும் இருந்தது. அது இயற்கை. தரவில் இருப்பது பச்சையில் கடந்தவர், சிவப்பில் நின்றவர் எல்லோரும் சேர்ந்த வேகம். ஒரு வேனுக்கு ஒரு நாளில் கிடைப்பது பச்சையோ சிவப்போ ஒன்றுதான். ஆகவே ஒரு நாளின் ஒரு சந்திப்பை வைத்து ஒப்பிடாமல், வார நாட்களின் முழுப் பயண நேரத்தை வைத்து ஒப்பிட்டேன். பேருந்து நிறுத்தங்களில் ஆள் ஏற்றும் நேரத்தை வேனின் பதிவிலிருந்து தனியே எடுத்துக் கணக்கோடு கூட்டியதும் இடைவெளி பெருமளவு மூடிவிட்டது.

கடைசியில் ஒவ்வொரு புறப்படும் நேரத்துக்கும் இரண்டு எண்கள் மட்டும் எழுதிக் கொடுத்தேன். வார நாட்களின் பயண நேரங்களை வரிசையாக அடுக்கினால் நடுவில் வருவது ஒன்று. பத்தில் ஒன்பது நாட்கள் அதற்குள் அடங்கிவிடும் நேரம் இன்னொன்று. கேட்டில் கையெழுத்துப் போட வேண்டியவருக்கு இரண்டாவதுதான் வேண்டும். கால் மணி முன்னால் கிளம்பினால் நடு எண் அவ்வளவாக மாறவில்லை, இரண்டாவது எண் தெளிவாகக் குறைந்தது. கெட்ட நாட்கள் குறைகின்றன என்று அதற்குப் பொருள். வேன் இப்போது கால் மணி முன்னதாகவே கிளம்புகிறது.

மாலைத் திசைக்கும் இதே நிரலை ஓடவிட்டிருக்கிறேன். அதில் வேறு சிக்கல். வெள்ளிக்கிழமைகளிலும், பொங்கல், தீபாவளிக்கு முந்தைய நாட்களிலும் தென் மாவட்டங்களுக்குக் கிளம்பும் ஊர் மொத்தமும் இந்தச் சாலையில்தான் இறங்குகிறது. அந்த நாட்களை வழக்கமான நாட்களோடு சேர்த்தால் இரண்டாவது எண் வீங்கிவிடும். வடகிழக்குப் பருவமழை மாதங்களும் அப்படித்தான். இப்போதைக்கு மாலைத் தரவை வழக்கமான நாள், வெள்ளி, பண்டிகைக்கு முந்தைய நாள், மழை நாள் என்று நான்கு கோப்புகளாகப் பிரித்துச் சேர்த்துவருகிறேன். மழை நாள் கோப்பில் இன்னும் பதிவுகள் போதவில்லை.